தேடி வராத கண்கள்

2009 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. ஹட்சன் ஆற்றின் கரையில், நியூயார்க்குக்கு எதிரே இருக்கும் ஜெர்சி சிட்டியில் இன்னும் பொழுது விடியவில்லை. செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியின் யானிடெல்லி உள்ளரங்கில் மட்டும் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. காலை ஆறு மணிக்கு நடுவர் பந்தை உயரே எறிய, செயின்ட் பீட்டர்ஸ் அணியும் மான்மத் அணியும் கூடைப்பந்து ஆடத் தொடங்குகின்றன. அந்நேரத்துக்குக் களத்தில் இறங்க வேண்டுமென்றால் ஆட்டக்காரர்கள் எத்தனை மணிக்கு எழுந்து உடம்பைச் சூடாக்கியிருப்பார்கள் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஈஎஸ்பிஎன் சேனல் அந்த நாளில் கல்லூரிக் கூடைப்பந்தை 24 மணி நேரம் இடைவிடாமல் நேரலையாகக் காட்டியது. மாலையும் இரவும் பெரிய கல்லூரிகளுக்கு ஒதுக்கப்பட்டன. நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டம் மேற்கே நகர்ந்து ஹவாய் வரை போய்விடும். அதன் பிறகு, அமெரிக்கா முழுவதும் தூங்கும் நேரத்தில், ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப யாராவது ஆட வேண்டும். பேர் பெற்ற கல்லூரி எதுவும் அதற்கு வராது. செயின்ட் பீட்டர்ஸ் வந்தது. விடியற்காலையில் ஆடினால்தான் நாடு பார்க்கும் என்றால் விடியற்காலையில் ஆடுவோம் என்று வந்தது.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் ஊர்ப் பல்கலைக்கழகப் போட்டிகளைப் போல மாணவர்களுக்குள் நடந்து முடிகிற சமாச்சாரம் இல்லை. அது கோடிக்கணக்கான டாலர் புரளும் பெரிய தொழில். கூடைப்பந்தின் முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. இவை முப்பதுக்கு மேற்பட்ட கூட்டணிகளாகப் பிரிந்திருக்கின்றன. அவர்கள் மொழியில் கான்ஃபரன்ஸ். இந்தக் கூட்டணிகளில் ஐந்தாறு பணக்காரக் கூட்டணிகள். டிவி ஒப்பந்தங்களின் பெரும்பணம் அவர்களுக்குத்தான். மற்றவர்களை 'மிட் மேஜர்' என்பார்கள், அதாவது நடுத்தர வீட்டுக்காரர்கள். உண்மையில் அவர்களில் பலர் ஏழை வீட்டுக்காரர்கள். ஆண்டில் பெரும்பாலும் தனித்தனியாகப் போகும் இந்த இரு வகையினரும் சமமாகச் சந்திக்கும் இடம், மார்ச் மாதத்தில் நடக்கும் தேசிய நாக் அவுட் போட்டி. இப்போது அதில் 68 அணிகள். ஒவ்வொரு கூட்டணியின் சாம்பியனுக்கும் அதில் இடம் உறுதி. மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறது.

பல ஆண்டுகளாக இந்தச் சின்னக் கல்லூரிகளின் கதைகளைப் படித்தும் பார்த்தும் வருகிறேன். எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. தேசியத் தொலைக்காட்சி ஒரு சின்னக் கல்லூரிக்குக் கொடுக்கிற பெரிய சொத்து, அதைத் தேடி வராதவரின் பார்வை. சொந்த மாணவர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களும் எப்படியும் பார்ப்பார்கள். சேனல் மாற்றிக்கொண்டே போகிறவர், சலூனில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர், அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருப்பவர், இவர்கள் தற்செயலாக நின்று பார்ப்பதுதான் விலைமதிப்பற்றது. அந்தத் தற்செயலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடந்த அரை நூற்றாண்டில் இந்தக் கல்லூரிகளின் தலையெழுத்து அமைந்திருக்கிறது.

அந்தப் பார்வை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயில் ஒரு சாட்சி இருக்கிறது. 1982 டிசம்பர் 23 இரவு, ஹோனலூலுவில் ஷாமினாட் என்ற சிறிய கத்தோலிக்கக் கல்லூரி வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. வர்ஜீனியா அப்போது நாட்டின் முதல் நிலை அணி. ஏழடிக்கும் மேல் உயரமான ரால்ஃப் சாம்சன் அதன் தூண். ஜப்பானில் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான் வர்ஜீனியாவுக்கு அந்த ஆட்டம். ஷாமினாட்டில் மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்கள். அது முதல் பிரிவில்கூட இல்லை. சாம்சனைத் தடுக்க நிறுத்தப்பட்ட டோனி ராண்டால்ஃப் அவரைவிட அரையடிக்கும் மேல் குட்டை. ஆனால் அவரும் வர்ஜீனியா மாநிலத்துக்காரர். பள்ளி நாட்களிலேயே சாம்சனோடு ஆடிப் பழகியவர். ஷாமினாட் 77-72 என்று ஜெயித்தது.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சி முடிவாக இதைச் சொல்பவர்கள் பலர். அதை எந்த டிவியும் காட்டவில்லை. அரங்கில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் பார்த்தார்கள். ஹவாயில் ஆட்டம் முடியும்போது கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டிவிட்டது. செய்தித்தாள்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்கோரைக் கேட்ட சில செய்தி மேசைகள், தவறாக வந்துவிட்டதோ என்று மறுபடி விசாரித்ததாகச் சொல்வார்கள். இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் அங்கே இருந்தவர்களின் நினைவை நம்பித்தான் எழுதுகிறோம். ஆனாலும் ஷாமினாட் அந்த வெற்றியை வீணாக்கவில்லை. நீங்களே ஒரு போட்டி நடத்தலாமே என்று தோற்ற அணியின் பயிற்சியாளர் டெர்ரி ஹாலண்ட் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, 1984-ல் மவுயி தீவில் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். பெரிய கல்லூரிகள் தேடி வரும் நவம்பர்ப் போட்டியாக அது வளர்ந்தது. லஹைனாவின் 2,400 பேர் கொள்ளும் சின்ன அரங்கிலிருந்து ஈஎஸ்பிஎன் அதை நாடு முழுக்கக் காட்டியது. கேமரா தங்களிடம் வராதபோது, கேமரா வந்தே தீர வேண்டிய ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தக் கதையில் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஷாமினாட் ஆட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1978-79 பருவத்தில் இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் போய்க்கொண்டிருந்தது. டெர்ரி ஹோட் என்ற சிறிய நகரத்துக் கல்லூரி. அதில் லாரி பேர்ட் ஆடினார். அவர் பெயரைச் செய்தித்தாளில் படித்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தைத்தான் என்பிசி நாடு முழுக்கக் காட்டியது. விசிடா ஸ்டேட் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் பேர்ட் 49 புள்ளிகள் எடுத்தார். அடுத்த மாதம், மார்ச் 26 அன்று, மேஜிக் ஜான்சன் ஆடிய மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக இறுதி ஆட்டம். இண்டியானா ஸ்டேட் 75-64 என்று தோற்றது. ஆனால் அந்த ஒளிபரப்பின் 24.1 ரேட்டிங்கை இன்றுவரை அமெரிக்காவில் எந்தக் கூடைப்பந்து ஆட்டமும் எட்டவில்லை. சின்னக் கல்லூரி ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

அதே 1979-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டம்பர் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்து பிரிஸ்டலில் ஈஎஸ்பிஎன் தொடங்கியது. அதே ஆண்டில் பிராவிடன்ஸ் கல்லூரியின் டேவ் காவிட், கிழக்குக் கரைக் கல்லூரிகளைச் சேர்த்து பிக் ஈஸ்ட் என்ற கூட்டணியை அமைத்தார். பிராவிடன்ஸ், செட்டன் ஹால், ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ் போன்றவை பெரும்பாலும் கத்தோலிக்கக் கல்லூரிகள். தென் மாநிலங்களின் பிரம்மாண்டமான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் சிறியவை. ஆனால் அவை இருந்த ஊர்கள் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என்ற பெரிய டிவிச் சந்தைகள். புதிய சேனலுக்கு நேரத்தை நிரப்ப ஆட்டங்கள் வேண்டும். புதிய கூட்டணிக்கு முகம் தெரிய வேண்டும். 1985-ல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். அன்று அது யாருக்கும் தற்செயலாகத் தோன்றவில்லை. வாரா வாரம் ஒரே நேரத்தில் ஒரே சேனலில் முகத்தைக் காட்டியதால்தான் கிழக்குக் கரைப் பள்ளி மாணவர்கள் ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே சேர்ந்தார்கள்.

எல்லாருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. 1980-களின் கடைசியில், பலவீனமான கூட்டணிகளின் சாம்பியன்களுக்கு எதற்கு நேரடி இடம், முதல் சுற்றிலேயே முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கத்தானே வருகிறார்கள் என்ற பேச்சு பலமாகவே அடிபட்டது. அந்த நேரத்தில்தான் பிரின்ஸ்டன் வந்தது. 1989 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு, பிராவிடன்ஸ் நகரம். பிரின்ஸ்டன் இருக்கும் ஐவி லீக் கூட்டணியில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதே இல்லை. அந்த அணிக்குப் போட்டியில் கடைசியான 16-ஆம் தரநிலை. எதிரே முதல் தரநிலையில் ஜார்ஜ்டவுன், அதில் அலோன்ஸோ மோர்னிங். பிரின்ஸ்டன் பயிற்சியாளர் பீட் கரில், பந்தை அவசரமில்லாமல் கைமாற்றி, எதிராளி ஒரு அடி ஏமாந்து நகரும் கணத்தில் கூடைக்கு அடியில் வெட்டி ஓடவைக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். இடைவேளையில் பிரின்ஸ்டன் எட்டுப் புள்ளிகள் முன்னிலை. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது எறிந்த இரண்டு பந்துகளையும் மோர்னிங்கின் நீண்ட கை தடுத்துவிட்டது. 50-49. பிரின்ஸ்டன் தோற்றது.

தோற்ற அந்த ஆட்டம்தான் சின்னக் கல்லூரிகளைக் காப்பாற்றியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஓர் ஆட்டத்தின் மேல் அவ்வளவு பாரத்தையும் ஏற்றுவது சற்று மிகைதான். ஆனால் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. அந்த ஆட்டத்தை ஈஎஸ்பிஎன் இரவின் முக்கிய நேரத்தில் காட்டியது. முதல் சுற்று ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை கிடைக்காத கூட்டம் சேர்ந்தது. முடிவு தெரிந்த ஆட்டம் என்று விட்டுவிட்டவர்கள் பாதியில் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் சிபிஎஸ் நிறுவனம் போட்டியின் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து ஏழு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. சின்னவன் பெரியவனை வீழ்த்திவிடுவானோ என்ற பதைப்புக்குச் சந்தையில் விலை உண்டு என்று அந்த ஆட்டம் காட்டிவிட்டது. அதன் பிறகு நேரடி இடங்களைப் பறிக்கும் பேச்சு அடங்கியது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். மார்ச்சில் ஆடக் கிடைக்கும் வாய்ப்பு, பிப்ரவரியில் யார் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. தேர்வுக் குழு அணிகளை எடைபோடும்போது யாரோடு ஆடினாய் என்று கேட்கிறது. பெரிய கல்லூரிகள் சின்னவர்களின் ஊருக்கு வந்து ஆட மாட்டார்கள். வந்து தோற்றால் மானம் போகும், ஜெயித்தால் லாபம் இல்லை. காசு கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து அடித்து அனுப்புவார்கள். சின்னக் கல்லூரியின் நிர்வாகமும் அந்தக் காசோலையை நம்பித்தான் பட்ஜெட் போடுகிறது. ஆக, நல்ல அணியாக இருந்தாலும் நல்ல அணி என்று நிரூபிக்க எதிராளி கிடைப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஈஎஸ்பிஎன் 2003-ல் பிராக்கெட் பஸ்டர்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிப்ரவரியின் ஒரு வார இறுதியில், வெவ்வேறு கூட்டணிகளைச் சேர்ந்த நல்ல மிட் மேஜர் அணிகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நாடு முழுக்கக் காட்டினார்கள். 2006 பிப்ரவரி 18 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் கான்சஸ் மாநிலத்து விசிடாவுக்குப் போய், விசிடா ஸ்டேட்டை அதன் சொந்த அரங்கிலேயே 70-67 என்று தோற்கடித்தது. கடைசியில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போட்டு ஜெயிக்க வைத்தவர் டோனி ஸ்கின்.

ஜார்ஜ் மேசன் தன் கூட்டணியின் சாம்பியனாகவில்லை. அரையிறுதியிலேயே தோற்றது; அந்த ஆட்டத்தில் எதிராளியைக் குத்தியதற்காக ஸ்கின் ஓர் ஆட்டம் தடை செய்யப்பட்டார். இருந்தும் தேர்வுக் குழு அணியைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு மிட் மேஜர்களுக்கு இத்தனை இடங்களா என்று சிபிஎஸ் நேரலையிலேயே வர்ணனையாளர் பில்லி பேக்கர் குழுத் தலைவரிடம் கடுமையாகக் கேட்டார். பதில் ஆடுகளத்தில் வந்தது. 11-ஆம் தரநிலை அணியான ஜார்ஜ் மேசன் மிச்சிகன் ஸ்டேட்டை வென்றது, நடப்புச் சாம்பியனான வட கரோலினாவை வென்றது, மூன்றாவது சுற்றில் அதே விசிடா ஸ்டேட்டை மறுபடி சந்தித்து வென்றது, பிறகு கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தில் 86-84 என்று வென்று கடைசி நான்கில் நுழைந்தது. பிப்ரவரியின் அந்தச் சனிக்கிழமை ஆட்டம் நடக்காமல் இருந்திருந்தால் தேர்வுக் குழு அறையில் அந்தப் பெயர் கடைசிவரை நின்றிருக்குமா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. பிராக்கெட் பஸ்டர்ஸ் 2013-ஓடு நின்றுவிட்டது. அதன் இடத்தில் அந்த அளவுக்கு விரிந்த ஏற்பாடு எதுவும் வரவில்லை. இது பெரிய இழப்பு.

இந்த வெளிச்சத்துக்கு விலை போடும் முயற்சிகளும் நடந்தன. ஜார்ஜ் மேசன் பேராசிரியர் ஒருவரின் ஆய்வு, அந்த மூன்று வாரத்தில் பல்கலைக்கழகத்துக்கு இலவசமாகக் கிடைத்த ஊடக வெளிச்சத்தை 67.7 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து இறுதி ஆட்டத்தில் டியூக்கிடம் 61-59 என்று தோற்ற இண்டியானாபொலிஸின் பட்லர் பல்கலைக்கழகத்துக்கு 63.9 கோடி என்றார்கள். கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்குகள், திரையில் பெயர் தெரிந்த நேரத்தையும் செய்திகளில் வந்த இடத்தையும் விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன செலவாகும் என்று பெருக்கிப் போட்டவை. அவ்வளவு பணம் கொடுத்து எந்தக் கல்லூரியும் விளம்பரம் வாங்கியிருக்காது. ஆகவே அந்த எண்ணை நான் நம்புவதில்லை.

நம்பத் தகுந்தது அதைவிட அடக்கமான ஓர் ஆய்வு. பொருளியலாளர்களான டெவின் போப்பும் ஜாரன் போப்பும் 2009-ல் வெளியிட்டது. கூடைப்பந்தில் கடைசி 16 அணிகளுக்குள் வரும் கல்லூரிகளுக்கும், அமெரிக்கக் கால்பந்தில் முதல் 20 இடங்களுக்குள் வரும் கல்லூரிகளுக்கும் விண்ணப்பங்கள் 2 முதல் 8 சதவீதம் வரை கூடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். தனியார் கல்லூரிகளில் இந்த உயர்வு அரசுக் கல்லூரிகளைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. எட்டு சதவீதம் என்பது மாயாஜாலம் இல்லை. ஆனால் இரண்டாயிரம் மூவாயிரம் மாணவர்களின் கட்டணத்தில் ஓடும் ஒரு கல்லூரிக்கு, அடுத்த ஆண்டு விடுதி நிரம்புமா என்ற கவலை தீர அது போதும்.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஸ்போகேன் நகரில் இருக்கிறது கொன்ஸாகா பல்கலைக்கழகம்; இயேசு சபைத் துறவிகள் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் மாணவர் சேர்க்கை சரிந்து நெருக்கடியில் இருந்தது. 1999 மார்ச்சில் 10-ஆம் தரநிலையோடு போட்டிக்கு வந்து, மினசோட்டா, ஸ்டான்ஃபோர்ட், ஃபுளோரிடா மூன்றையும் வீழ்த்தி, கடைசி எட்டில் கனெக்டிகட்டிடம் 67-62 என்று தோற்றது. நாடு முழுவதும் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டது. வழக்கமான கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்; முடிகிற மாதிரியும் தெரிந்தது. பயிற்சியாளர் டேன் மான்சன் பெரிய சம்பளத்துக்கு மினசோட்டா போய்விட்டார்.

அவருக்கு உதவியாளராக இருந்த மார்க் ஃப்யூ பொறுப்பேற்றார். கால் நூற்றாண்டு தாண்டியும் அங்கேயே இருக்கிறார். எத்தனை பெரிய கல்லூரிகள் அழைத்திருக்கும்! போகவில்லை. 2000-லும் 2001-லும் கொன்ஸாகா கடைசி 16-க்குள் வந்தது. ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம், மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால் நாடு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளும். நிர்வாகமும் அந்த மூன்று ஆண்டுகளை வீணாக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போய் யாரோடு வேண்டுமானாலும் ஆடுவோம் என்று அட்டவணை போட்டார்கள். 2004-ல் 6,000 பேர் அமரும் புதிய அரங்கம் கட்டினார்கள். ஸ்போகேன் பசிபிக் நேர மண்டலத்தில் இருக்கிறது. அங்கே இரவு எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் நியூயார்க்கில் பதினொன்று. கிழக்கின் பெரிய அணிகள் ஆடி முடித்துத் தூங்கப் போகும் நேரம். பின்னிரவுச் சேனலுக்கு ஒரு நேரலை வேண்டும். ஜெர்சி சிட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்ட விடியற்காலையைப் போல, கொன்ஸாகா அந்தப் பின்னிரவை எடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம் உண்டு: செயின்ட் பீட்டர்ஸுக்கு அது ஒரு நாள், கொன்ஸாகாவுக்கு ஒவ்வொரு பருவமும். தூக்கம் வராதவர்கள், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள், பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு டிவி பார்க்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் கொன்ஸாகா பழக்கமான முகம் ஆயிற்று.

பிறகு நடந்தது தெரிந்ததே. பிரான்சிலிருந்து ரோனி டூரியாஃப், லித்துவேனியக் குடும்பத்து டொமான்டஸ் சபோனிஸ், ஜப்பானிலிருந்து ருயி ஹாச்சிமுரா என்று வெளிநாட்டுப் பையன்கள் ஸ்போகேனைத் தேடி வந்தார்கள். 2017-லும் 2021-லும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். இரண்டிலும் தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் 1999-லிருந்து கோவிட் காரணமாகப் போட்டியே நடக்காத 2020 தவிர ஓர் ஆண்டுகூட அவர்கள் இல்லாத மார்ச் இருந்ததில்லை.

இனி செயின்ட் பீட்டர்ஸுக்குத் திரும்ப வேண்டும். அந்த விடியற்காலை ஆட்டம் நடந்து 13-ஆவது ஆண்டு, 2022 மார்ச். இப்போது அது பல்கலைக்கழகம். 15-ஆம் தரநிலையோடு வந்து, கூடைப்பந்தின் பெரிய ஜமீனான கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85-79 என்று வீழ்த்தியது. பிறகு மர்ரே ஸ்டேட். பிறகு 67-64 என்று பர்டியூ. 15-ஆம் தரநிலை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. மார்ச் 27 அன்று வட கரோலினாவிடம் 69-49 என்று தோற்றது. நாடு முழுக்க அந்தப் பையன்களின் பெயர் தெரிந்துவிட்டது. மெல்லிய மீசை வைத்த டக் எடர்ட்டுக்கு ஓர் உணவகச் சங்கிலியின் விளம்பர ஒப்பந்தமே கிடைத்தது.

மூன்றே நாளில், மார்ச் 30 அன்று, பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே செட்டன் ஹாலின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அது அவர் படித்த கல்லூரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்து ஆட்டக்காரர்கள். 2021 முதல் ஒரு மாணவன் ஒரு முறை கல்லூரி மாறினால், ஓர் ஆண்டு வெளியே உட்காராமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்திருந்தது. எடர்ட் பிரையன்ட்டுக்குப் போனார், டேரில் பேங்க்ஸ் செயின்ட் பொனவென்ச்சருக்குப் போனார், மற்ற முக்கிய ஆட்டக்காரர்களும் சிதறினார்கள். நாடு பார்த்த அந்த அணி சில வாரங்களில் கலைந்துவிட்டது.

பணமாவது நின்றதா? போட்டியில், இறுதி ஆட்டம் நீங்கலாக, ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு 'யூனிட்' என்று கணக்கு. ஒரு யூனிட்டுக்கு ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர் வரும். செயின்ட் பீட்டர்ஸ் நான்கு யூனிட் சம்பாதித்தது. அந்தப் பணம் அதன் கூட்டணிக்குப் போய், உறுப்புக் கல்லூரிகளுக்குப் பிரித்துக்கொடுக்கப்படும். பங்கிட்டுக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அடுத்த முறை இன்னொருவர் சம்பாதிப்பார். ஆனால் பயிற்சியாளரைத் தக்கவைக்கவோ ஆட்டக்காரனுக்குக் கொடுக்கவோ அந்தச் சிறு பங்கு போதாது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற நீதிமன்றச் சமரசத்தின்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு மாணவர்களுக்கு முதல் ஆண்டான 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம் என்று ஆனது. பல சின்னக் கல்லூரிகளின் மொத்த விளையாட்டுச் செலவே அவ்வளவுதான், சிலவற்றில் அதற்கும் கீழே. உழைத்த மாணவர்களுக்குப் பணம் போவது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விளைவாக, தேசியத் தொலைக்காட்சி சின்னக் கல்லூரியின் ஆட்டக்காரனைப் பெரிய கல்லூரிகளுக்கு அடையாளம் காட்டும் கடை ஜன்னலாக மாறிவிட்டது. 2023-ல் பர்டியூவை வீழ்த்திய ஃபேர்லி டிக்கின்சனின் பயிற்சியாளரும் சில நாட்களிலேயே வேறு கல்லூரிக்குப் போனார்.

செயின்ட் பீட்டர்ஸ் அப்படியே சாய்ந்துவிடவும் இல்லை. புதிய பயிற்சியாளரோடு, புதிய பையன்களோடு, 2024-ல் மறுபடி தன் கூட்டணியின் சாம்பியனாகி மார்ச்சுக்கு வந்தது.

இன்றைக்கு எல்லாச் சின்னக் கல்லூரிகளின் ஆட்டங்களும் எங்கோ ஓர் இடத்தில் கிடைக்கின்றன. 2018 ஏப்ரலில் ஈஎஸ்பிஎன் தன் கட்டணச் செயலியான ஈஎஸ்பிஎன் ப்ளஸ்ஸைத் தொடங்கியது. பல சிறிய கூட்டணிகள் தங்கள் ஆட்டங்களை அதற்குக் கொடுத்தன. உரிமைத்தொகை அதிகமில்லை, ஆட்டத்தைப் படம் பிடித்து, வர்ணனை சேர்த்து, அனுப்பிவைக்கும் வேலை பெரும்பாலும் கல்லூரியின் தலையில். அப்படி ஒரு நேரலையைக் கவனித்துப் பார்த்தால் மனதைத் தொடும். கூடைக்கு அடியில் சம்மணமிட்டுக் கேமரா பிடித்திருப்பது ஊடகத் துறை மாணவி. ரீப்ளே போடுவது அவள் வகுப்புத் தோழன். வர்ணனையாளர் எதிரணியின் பெயர்ப் பட்டியலைக்கூடக் கவனமாகத் தயார் செய்து வந்திருப்பார். காதில் ஹெட்செட்டோடு ஒரு பிள்ளை, அடுத்து எந்தக் கேமரா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொழிற்பயிற்சி. வெளியூரில் இருக்கும் தாயும் தகப்பனும் மகனின் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். முன்பு அது கனவில்கூட நடக்காது.

ஆனால் அந்தச் செயலியைத் திறந்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு நடுவில் அந்தப் பெயரைத் தட்டுகிறவர் ஏற்கெனவே அந்தக் கல்லூரியைத் தெரிந்தவர். தெரியாதவர் அங்கே இடறி விழ வழியில்லை. பிரின்ஸ்டன் ஆட்டத்தைப் பாதியில் வந்து பார்த்தவர்கள், பின்னிரவில் கொன்ஸாகாவைக் கண்டுபிடித்தவர்கள், விடியற்காலை ஆறு மணிக்குக் காப்பியோடு டிவியைப் போட்டவர்கள், இவர்களில் ஒருவர்கூடத் தேடி வந்தவர் இல்லை. எண்ணிக்கையில் பார்த்தால் சின்னக் கல்லூரிகளின் ஒளிபரப்பு இன்றுபோல் என்றும் இருந்ததில்லை. அந்நியர் கண்ணில் படுவதோ வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை: மார்ச் தொடக்கத்தில் கூட்டணியின் இறுதி ஆட்டம், ஜெயித்தால் தேசியப் போட்டியின் முதல் சுற்று. கூட்டணித் தலைவர்கள் அடுத்த ஒப்பந்தம் பேச உட்காரும்போது, செயலியில் இன்னும் நூறு ஆட்டம் என்று பேரம் பேசுவதைவிட, பழைய சேனலில் ஜனவரியின் நான்கு இரவுகள் என்று கேட்பது மேல் என்பது என் கருத்து. அந்த இரவுகள் எந்த அகால நேரத்தில் இருந்தாலும் சரி.

கொன்ஸாகா வெஸ்ட் கோஸ்ட் கூட்டணியிலிருந்து விலகி 2026-ல் பேக்-12 கூட்டணிக்குப் போவது என்று 2024 அக்டோபரில் முடிவானது. அதன் வளர்ச்சிக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். அது விட்டுப்போகும் கூட்டணியில் போர்ட்லாண்ட், பசிபிக், சான் டியேகோ, பெப்பர்டைன் எல்லாம் இருக்கின்றன. இந்தக் கல்லூரிகளில் கொன்ஸாகா ஆட வரும் இரவுதான் அரங்கம் நிறையும். அன்றுதான் வெளியே வாகன நிறுத்தத்தில் சேனலின் பெரிய ஒளிபரப்பு வேன் வந்து நிற்கும், கேபிள்கள் தரையில் பாம்பு போல ஊர்ந்து கதவிடுக்கு வழியாக உள்ளே போகும், மாணவர்கள் முகத்தில் கல்லூரியின் நிறத்தைப் பூசிக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள். ஜெயிக்கப் போவது கொன்ஸாகா என்று பெரும்பாலும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தங்கள் பையன் ஒருவன் அந்த இரவில் இருபது புள்ளிகள் எடுத்தால், எங்கோ புளோரிடாவில் தூக்கம் வராத ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இவன் யார் என்று கேட்பார்.